இறை இரக்கம்: கண்டுகொள்ளாமல் விடுவதா, கையைத் திறந்து பார்ப்பதா?

"கடவுள் இரக்கமுள்ளவர், இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்" என்கிறார் ஒருவர். "நான் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது" என்கிறார் இன்னொருவர். இருவரும் ஒரே கோவிலில், ஒரே வரிசையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று ஒரே குரலில் சொல்பவர்களாகக்கூட இருக்கலாம். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த இரண்டு பேச்சையும் மாறி மாறிக் கேட்டு வருகிறேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் எதிரெதிர். ஆனால் வேர் ஒன்றுதான். இரக்கம் என்றால் தப்பைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று இருவருமே நினைக்கிறார்கள். முதலாமவர், கடவுள் அப்படி விட்டுவிடுவார் என்று நிம்மதியாக இருக்கிறார். இரண்டாமவர், இவ்வளவு பெரிய தப்பை யாரால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும் என்று ஒடுங்கிப்போகிறார்.

கிறிஸ்தவ நம்பிக்கை சொல்லும் இரக்கம் வேறு. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, வழிபாட்டில் அது எங்கே தெரிகிறது என்று அடியிலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். கிறிஸ்தவத்தோடு பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன்.

## உடைந்த குவளையும் மூடிய கையும்

ஒரு குழந்தை கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறது. தொடாதே என்று சொல்லி வைத்திருந்த குவளை. பயத்தில் சில்லுகளை அவசர அவசரமாகப் பொறுக்கி எங்கோ தள்ளிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பொறுக்கியபோது ஒரு சிறு சில்லு உள்ளங்கையில் ஏறிவிட்டது. வலிக்கிறது. ஆனால் கையைத் திறந்தால் தப்பு தெரிந்துவிடுமே! அதனால் இறுக்கி மூடிக்கொள்கிறது. இறுக்க இறுக்கச் சில்லு இன்னும் உள்ளே போகிறது.

அம்மா வருகிறார். பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடலாம். குழந்தைக்குத் திட்டு மிச்சம், ஆனால் சில்லு கையிலேயே இருக்கும். முதுகில் இரண்டு வைக்கலாம். அப்போதும் சில்லு கையிலேயே இருக்கும். அல்லது, கதவுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, "கையைக் காட்டு" என்று சொல்லலாம்.

கிறிஸ்தவர்கள் இரக்கம் என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். அந்த அம்மா எதையும் பார்க்காமல் விடவில்லை. உடைந்த குவளை, மறைத்த சில்லு, வழிகிற ரத்தம் எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. தேடி வந்ததும் அவர்தான், குழந்தை போய்க் கூப்பிடவில்லை. கை திறந்தால்தான் சில்லை எடுக்க முடியும், எடுக்கும்போது வலிக்கத்தான் செய்யும். அப்புறம் இன்னொன்று இருக்கிறது: தரையில் கிடக்கும் மிச்சச் சில்லுகளை யாரோ ஒருவர் கூட்டி அள்ள வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீதியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

## பாவம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை

தமிழில் "பாவம்" என்ற சொல்லை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். செய்யக்கூடாததைச் செய்தால் அது பாவம். அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தாலும் "ஐயோ பாவம்" என்கிறோம். குற்றத்துக்கும் பரிதாபத்துக்கும் ஒரே சொல். இறை இரக்கத்தைத் தமிழில் விளக்குகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது என்று எனக்கு எப்போதும் தோன்றும். கடவுள் பாவியைப் பார்க்கும்போது இரண்டு பொருளும் அந்தப் பார்வையில் சேர்ந்தே இருக்கின்றன. தவறு செய்தவர் என்பதும் தெரிகிறது, காயப்பட்டவர் என்பதும் தெரிகிறது.

கிறிஸ்தவர்களின் மறைநூலான விவிலியத்தின் (பைபிளின்) முதற்பகுதி எழுதப்பட்ட எபிரேய மொழியில் பாவத்துக்கு வழங்கும் முக்கியமான வினைச்சொல்லின் அடிப்பொருள் "குறி தவறுதல்". நீதித்தலைவர்கள் நூல், 20-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனத்தில் 700 இடக்கை வீரர்கள் வருகிறார்கள். கவணில் கல் வைத்து எறிந்தால் ஒரு மயிரிழைகூடத் தப்பாது. அங்கே "தப்பாது" என்பதற்கு வரும் சொல் இதே சொல்தான். ஆக, கிறிஸ்தவப் பார்வையில் பாவம் என்பது சட்டப் புத்தகத்தில் ஒரு விதியை மீறுவதோடு முடிவதில்லை. எதற்காகப் படைக்கப்பட்டோமோ அந்தக் குறியை விட்டு, கடவுளிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் விலகிப் போவது அது. விலகிப் போனவருக்கு எச்சரிக்கை தேவைதான். ஆனால் அவர் வழி தவறி நிற்பவரும்கூட, ஆகவே யாராவது தேடி வரவும் வேண்டும்.

## இரக்கத்தின் பெயர்கள்

தமிழ் விவிலியம் படிப்பவர்கள் ஒரு குழப்பத்தைச் சந்தித்திருப்பார்கள். திருப்பாடல் 136-இல் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் ஒரே பல்லவியோடு முடிகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது "அவர் கிருபை என்றுமுள்ளது". 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் "என்றும் உள்ளது அவரது பேரன்பு". ஒன்றில் கிருபை, மற்றொன்றில் பேரன்பு. எது சரி? இரண்டும் ஒரே எபிரேயச் சொல்லைப் பிடிக்கப் பார்க்கின்றன: ஹெசெத். கொடுத்த வாக்கை, மறுபக்கம் உடைத்த பிறகும், தன் பக்கம் உடைக்காமல் நிற்கும் அன்புக்கு அந்தப் பெயர். அதில் உணர்ச்சியும் இருக்கிறது, ஆனால் வாக்குத் தவறாத உறுதிதான் தூக்கலாக இருக்கிறது.

இன்னொரு எபிரேயச் சொல் ரஹமிம். "கருப்பை" என்று பொருள்படும் சொல்லோடு உறவுள்ளது. பெற்ற வயிறு பதறுவது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். நான் அம்மாவை வைத்து உவமை சொன்னது இதனால்தான்.

ஹெசெத்தும், ரஹமிமோடு உறவுள்ள ஒரு சொல்லும் சேர்ந்து ஒலிக்கும் இடம் விடுதலைப் பயணம் 34-ஆம் அதிகாரம், 6-ஆம் வசனம். இஸ்ரயேல் மக்களை வழிநடத்திய மோசேக்குக் கடவுள் தம் பெயரைத் தாமே விளக்குகிறார்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." இந்த அறிவிப்பு எப்போது வருகிறது என்று பாருங்கள். மக்கள் பொன்னால் கன்றுக்குட்டி செய்து வணங்கி, மோசே கோபத்தில் கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளைப் போட்டு உடைத்துவிட்டார். அதற்குப் பிறகு, புதுப் பலகைகளோடு அவர் மலையேறும்போதுதான் கடவுள் இதைச் சொல்கிறார். நல்ல பிள்ளைகளுக்குக் கொடுத்த பாராட்டாக அது வரவில்லை, உடைந்த உடன்படிக்கையின் சில்லுகளுக்கு நடுவில் வருகிறது. அடுத்த வசனமே, குற்றத்தைத் தண்டிக்காமல் விடுவதில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

அருளும் இரக்கமும் ஒன்றா என்று கேட்பார்கள். அருள் அல்லது கிருபை என்பது தகுதி பார்க்காமல் கடவுள் தரும் கொடை. அந்தக் கொடை ஒருவருடைய துன்பத்தையோ குற்றத்தையோ வந்து தொடும்போது அதற்கு இரக்கம் என்று பெயர். தொடக்கநிலைக்கு இவ்வளவு போதும்.

தமிழ்ப் பிரசங்கங்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்விளையாட்டு உண்டு: "இரங்கியவர் இறங்கினார்." இரங்குதலும் இறங்குதலும் வேறு வேறு சொற்கள், வேர் வேறு, எழுத்தும் வேறு. இருந்தாலும் அந்தப் பிரசங்கிகள் சொல்ல வருவது சரியானதுதான். கிறிஸ்தவ நம்பிக்கையில் இரக்கம் மேலிருந்து கீழே பார்த்து உச்சுக் கொட்டுவதில்லை, கீழே இறங்கி வருகிறது. கடவுள் இயேசுவில் மனிதரானார் என்பதுதான் அந்த நம்பிக்கையின் மையம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பாவம் குற்றமும் காயமும் ஆகும். இரக்கம் அந்த இரண்டையும் முழுதாகப் பார்த்து, தானே தேடி வருகிறது. அது கடவுளின் திடீர் மனநிலை இல்லை, தம் பெயராகவே அவர் சொல்லிக்கொண்ட குணம்.

## அப்படியானால் நீதி என்ன ஆகும்?

வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், தப்பு செய்தவங்களையும் மன்னிச்சிட்டா, ஒழுங்கா இருந்தவங்களுக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. அதை அதட்டி உட்கார வைப்பது பெரிய தவறு, ஏனென்றால் விவிலியத்திலேயே இதே கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். யோனா என்ற இறைவாக்கினர் நினிவே நகரத்து மக்கள் அழியட்டும் என்று காத்திருக்கிறார். அவர்கள் மனம் மாறி, கடவுளும் மன்னித்துவிட, "நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன்" என்று கடவுளிடமே கோபப்படுகிறார். புகழ்வதற்குச் சொல்லும் வரியை அவர் புகாராகச் சொல்கிறார்.

இரக்கம் நீதியை ரத்து செய்கிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான விளக்கம் மத்தேயு நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடன் கதை. ஒரு பணியாளர் அரசருக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறார். கேட்பவர்கள் இந்த எண்ணைக் கடந்துபோய் விடுகிறார்கள். கணக்குப் போட்டால்தான் கதை புரியும். ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 தெனாரியம். பத்தாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் வேலை செய்தால், கட்டி முடிக்க 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். அந்த மனிதர் காலில் விழுந்து, "பொறுத்தருளும், எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன்" என்கிறார். நடக்கவே நடக்காத வாக்குறுதி. அரசர் அதை ஏற்கவும் இல்லை, தவணை போடவும் இல்லை. முழுக் கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்.

இப்போது ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பணம் எங்கே போனது?

ஆவியாகப் போய்விடவில்லை. கடன் தள்ளுபடி ஆனால், நட்டம் கடன் கொடுத்தவர் தலையில் விழும். பணியாளர் சுமக்க வேண்டியதை அரசர் சுமக்கிறார். இதுதான் மன்னிப்பின் உள்வேலை. நமக்கு யாராவது துரோகம் செய்து, நாம் உண்மையாகவே மன்னித்திருந்தால், இது தெரிந்திருக்கும். திருப்பி அடிக்கக் கை துடிக்கும். அடிக்காமல் விட்டால் அந்த வலி எங்கும் போகாது, நமக்குள்ளேயே தங்கி மெதுவாகக் கரைய வேண்டும். தரையில் கிடக்கும் சில்லுகளை யாரோ ஒருவர் அள்ள வேண்டும் என்றேனே, அது இதுதான்.

இயேசுவின் சிலுவையைக் கிறிஸ்தவர்கள் புரிந்துகொள்வது இந்த இடத்தில். மன்னிப்பின் விலையை மன்னிக்கிறவரே ஏற்றுக்கொண்ட இடம் அது. சிலுவை எப்படி மீட்பைக் கொண்டுவருகிறது என்பதற்குச் சபைகளிடையே பல விளக்கங்கள் உண்டு, அந்த ஆழத்துக்கு இங்கே போகவில்லை. எல்லாருக்கும் பொதுவான புள்ளி இது: கடவுள் கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடன் இல்லாதது போல நடிக்கவில்லை. கடனைத் தாமே ஏற்றார்.

13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஓர் எளிய உதாரணம் சொன்னார். 100 காசு கொடுக்க வேண்டியவர் தன் சொந்தப் பணத்திலிருந்து 200 கொடுத்தால், அவர் நீதியை மீறியவர் ஆகமாட்டார், தாராளமாக நடந்தவர் ஆவார். இரக்கம் நீதியை அழிப்பதில்லை, ஒரு வகையில் அதன் நிறைவாக இருக்கிறது என்பது அவருடைய முடிவு.

கடன் கதையின் பிற்பகுதி கசப்பானது. தள்ளுபடி பெற்றவர் வெளியே வந்ததும், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய சக பணியாளரின் கழுத்தைப் பிடிக்கிறார். 100 நாள் கூலி சிறு தொகை இல்லை. ஆனால் அவருக்குத் தள்ளுபடியானது அதைப்போல 6 லட்சம் மடங்கு. பெற்ற இரக்கத்தைத் தன்னோடு நிறுத்திக்கொண்டவர் கடைசியில் அதை இழக்கிறார். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பதுபோல" என்று கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் செபத்தில் இந்தக் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

## மனம் திரும்புதல் நுழைவுக் கட்டணம் இல்லை

மனம் திரும்புதல் என்றால் போகும் திசையை மாற்றிக் கடவுள் பக்கம் திரும்புவது. அழுகை அதோடு வரலாம், வராமலும் இருக்கலாம். இதில் பரவலான தவறு ஒன்று உண்டு. நான் போதுமான அளவு வருந்தினால், போதுமான அளவு அழுதால், கடவுள் மனமிரங்குவார் என்று பலர் நினைக்கிறார்கள். இரக்கத்தைக் கண்ணீர் கொடுத்து வாங்கப் பார்க்கிறார்கள்.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் வரும் காணாமற்போன மகன் கதையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சொத்தைப் பிரித்து வாங்கிப் போய்த் தொலைத்த இளைய மகன், பன்றி மேய்க்கும் இடத்தில் பசியோடு உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்ல ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். 18, 19-ஆம் வசனங்களில் அது இருக்கிறது. அதில் மூன்று பகுதி: பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், என்னைக் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். கடைசிப் பகுதி ஒரு பேரம். மகனாக வேண்டாம், சம்பளத்துக்கு வேலை செய்து கழித்துவிடுகிறேன் என்கிற பேரம்.

இப்போது 21-ஆம் வசனத்துக்கு வாருங்கள். வீடு வந்து பேசத் தொடங்குகிறான். பாவம் செய்தேன். தகுதியற்றவன். அதோடு நின்றுவிடுகிறது! அந்தக் கூலியாள் வாக்கியம் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் அப்பா, "முதல்தரமான ஆடையைக் கொண்டுவாருங்கள்" என்று பணியாளர்களிடம் திரும்பிவிட்டார். மோதிரம், மிதியடி, விருந்து. பேரத்துக்கே அங்கு இடமில்லை. இதற்கும் முன்னால், 20-ஆம் வசனத்தில், மகன் தொலைவில் வரும்போதே அப்பா பார்த்துவிடுகிறார், ஓடுகிறார், கட்டிப்பிடிக்கிறார். மகன் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே முத்தம் விழுந்துவிட்டது.

அப்படியானால் மனம் திரும்புதல் தேவையில்லையா? தேவை. மகன் எழுந்து வந்திருக்காவிட்டால் அப்பாவின் அன்பு அவனுக்குப் பயன்பட்டிருக்காது. மூடிய கையைத் திறப்பது சில்லை எடுப்பதற்குக் கொடுக்கும் கூலி இல்லை. ஆனால் திறக்காமல் எடுக்க முடியாது. என் அனுபவத்தில், இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

சக்கேயு கதையிலும் இதே வரிசைதான். வரி வசூலித்து ஊரார் வெறுப்பைச் சம்பாதித்த அவரிடம் இயேசு முதலில் சொன்னது, "இன்று உமது வீட்டில் நான் தங்க வேண்டும்" என்பது. பாதிச் சொத்தை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சக்கேயு சொன்னது அதற்குப் பிறகு. இரக்கம் முன்னால் வந்தது, திருத்தம் அதன் பின்னால் வந்தது. ஆனால் திருத்தம் வராமல் இல்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் "கடவுள் என்னை மன்னித்துவிட்டார்" என்று சொல்லித் திரிவதற்குச் சக்கேயு கதையில் ஆதரவு கிடையாது.

"எப்படியும் மன்னிப்பு கிடைக்கும், அதனால் செய்யலாம்" என்ற வாதமும் பழையதுதான். தொடக்கக் காலத் திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் 6-ஆம் அதிகாரம் இதே கேள்வியோடு தொடங்குகிறது: அருள் பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா? ஒருபோதும் கூடாது என்பது அவர் பதில். மருத்துவர் இருக்கிறார் என்பதற்காகக் கையை மறுபடி வெட்டிக்கொள்வதில்லை.

சுருக்கமாக: இரக்கம் முந்திக்கொள்கிறது, மனம் திரும்புதல் அதை ஏற்றுக்கொள்கிறது, வாழ்க்கைத் திருத்தம் அதன் கனியாக வருகிறது. வரிசையை மாற்றினால் ஒன்று அகந்தை வரும், இல்லையென்றால் விரக்தி வரும்.

## திருச்சபைக்குள் நடந்த வழக்கு

இதெல்லாம் திருச்சபைக்கு முதல் நாளிலேயே தெளிவாகிவிடவில்லை. கி.பி. 250-இல் உரோமைப் பேரரசர் தேசியுஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்று பெற வேண்டும் என்று ஆணையிட்டார். சில கிறிஸ்தவர்கள் மறுத்து உயிரை விட்டார்கள். பலர் பயந்து பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். நெருக்கடி தணிந்ததும் இப்படி விழுந்தவர்கள் திருச்சபையின் கதவைத் தட்டினார்கள். சேர்ப்பதா, வேண்டாமா?

உரோமையில் நோவாசியன் என்ற குரு, இப்படிப்பட்டவர்களை மீண்டும் சேர்க்கத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்றார். உரோமை ஆயர் (பிஷப்) கொர்னேலியுவும் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியானும், உரிய காலம் தவம் செய்தபின் சேர்க்கலாம் என்றார்கள். 251-இல் இதற்காகத் திருச்சபையே பிளந்தது. கடைசியில் கதவைத் திறந்து வைத்தவர்களின் வழிதான் நிலைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் உயிரையே கொடுத்தபோது பயந்து பின்வாங்கியவரை, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் குடும்பத்தோடு ஒரே பந்தியில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இரக்கம் மென்மையான விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

## வழிபாட்டில் இரக்கம் எங்கே தெரிகிறது?

4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஜீரியா என்ற பெண்மணி எருசலேமுக்குத் திருப்பயணம் போய், பார்த்ததையெல்லாம் எழுதி வைத்தார். மாலை வழிபாட்டில் திருத்தொண்டர் ஒவ்வொருவர் பெயராக வாசிக்க வாசிக்க, சூழ நின்ற சிறுவர் சிறுமியர் ஒவ்வொரு பெயருக்கும் "கீரியே எலெய்சோன்" என்று பதில் சொன்னார்களாம். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்பதன் கிரேக்க வடிவம் அது. ஒரு பெயர், ஓர் இரக்கம். அடுத்த பெயர், அடுத்த இரக்கம். கத்தோலிக்கரின் முக்கிய வழிபாடான திருப்பலி இலத்தீனில் நடந்தபோதும் இந்தச் சொற்களை மட்டும் மொழிபெயர்க்காமல் கிரேக்கத்திலேயே பல நூற்றாண்டுகள் வைத்திருந்தார்கள்.

கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் மக்கள் "என் பாவமே, என் பாவமே" என்று மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். பழக்கத்தில் இயந்திரம்போல் ஆகிவிட்ட அசைவு. அதற்குப் பின்னால் இருப்பவர் லூக்கா 18-ஆம் அதிகாரத்து வரிதண்டுபவர். கோவிலில் தொலைவில் நின்று, வானத்தைப் பார்க்கவும் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, "கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்" என்று ஒரே வரி சொன்னவர். கிழக்கு நாடுகளில் வளர்ந்த கீழைத் திருச்சபைகளில் இந்த வரி இயேசுவின் பெயரோடு சேர்ந்து, "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்ற செபமானது. மூச்சோடு சேர்த்து நாள் முழுவதும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

ஒப்புரவு அருட்சாதனம் என்பது, செய்த பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டுக் கடவுளின் மன்னிப்பைப் பெறும் சடங்கு. பழைய வழக்கில் பாவசங்கீர்த்தனம். குரு சொல்லும் மன்னிப்பு வாய்பாடு கடவுளை இரக்கத்தின் தந்தை என்று அழைத்தபடிதான் தொடங்குகிறது. அங்கே கொடுக்கப்படும் பரிகாரச் செயலை அபராதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டுப் பிரித்த பிறகு செய்யும் உடற்பயிற்சி மாதிரி அது, காயம் ஆறிய கை மறுபடி பழகுவதற்கு. சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்து கடவுளிடம் நேரடியாக அறிக்கையிடும் முறையை வைத்திருக்கின்றன. வழி வேறு, கையைத் திறப்பது ஒன்றே.

கீழைத் திருச்சபைகளின் பைசாந்திய மரபில், உயிர்ப்பு விழாவுக்கு முன்வரும் நோன்புக் காலமான தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறு மாலையில் ஒவ்வொருவரும் ஒவ்வொருவர் முன்னும் குனிந்து மன்னிப்பு கேட்பார்கள். ஆயரும் குருவும்கூட.

கத்தோலிக்கரிடையே இப்போது மிகவும் பரவியிருப்பது இறை இரக்க பக்தி. போலந்து நாட்டு அருட்சகோதரி பவுஸ்தினா கோவால்ஸ்கா (1905-1938), 1931 பிப்ரவரி 22 அன்று இயேசுவைக் காட்சியில் கண்டதாக எழுதினார். இதயத்திலிருந்து வெளிர் நிறக் கதிர் ஒன்றும் சிவப்புக் கதிர் ஒன்றும் வரும் படம் அந்தக் காட்சியிலிருந்து வந்தது. சிலுவையில் இயேசுவின் விலாவிலிருந்து வழிந்த தண்ணீரையும் ரத்தத்தையும் அவை குறிக்கின்றன. 1959-இல் வத்திக்கான் இந்தப் பக்தி வடிவங்களைப் பரப்பத் தடை விதித்தது, 1978-இல் நீக்கியது. 2000 ஏப்ரல் 30 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பவுஸ்தினாவுக்குப் புனிதர் பட்டம் கொடுத்து, பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்தின் இரண்டாம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறு என்று அழைக்கப்படும் என அறிவித்தார்.

இங்கே மனம் திறந்து ஒன்று சொல்ல வேண்டும். "இந்தச் செபத்தை இத்தனை முறை சொல்லுங்கள், கேட்டது கிடைக்கும்" என்று வரும் செய்திகள் என்னை வருத்துகின்றன. இறை இரக்கச் செபமாலையின் வரிகளைப் பாருங்கள்: "எங்கள்மீதும் அனைத்துலகின்மீதும் இரக்கமாயிரும்" என்று கேட்கிறது. அனைத்துலகம் என்றால் எனக்குப் பிடிக்காதவரும் அதற்குள் வருகிறார். பவுஸ்தினா தம் குறிப்பேட்டில் வலியுறுத்தியதும் எண்ணிக்கையை இல்லை, நம்பிக்கையையும் பிறர்மீது காட்டும் இரக்கத்தையும்தான்.

## "எனக்கு மன்னிப்பே கிடையாது" என்பவருக்கு

முதலில் சொன்ன இரண்டாமவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அவரிடம் நான் தத்துவம் பேசுவதில்லை. இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுருவின் கதையைத்தான் வாசித்துக் காட்டுவேன்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போன இரவு, குளிர். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் காவலர்கள் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்கள். பேதுருவும் அங்கே நிற்கிறார். "நீயும் அவனுடைய சீடன்தானே?" என்று கேட்கிறார்கள். மூன்று முறையும் இல்லை என்கிறார். சேவல் கூவுகிறது.

இயேசு இறந்து உயிர்த்த பிறகு ஒரு விடியற்காலை. பேதுருவும் மற்றவர்களும் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் படகில் இருக்கிறார்கள். கரையில் நிற்பவர் இயேசு என்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதித்துப் போகிறார். கரையில் கரிநெருப்பு மூட்டியிருக்கிறது, அதன்மேல் மீன். "கரிநெருப்பு" என்பதற்கான அந்தக் கிரேக்கச் சொல் விவிலியத்தின் பிற்பகுதியான புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடத்தில்தான் வருகிறது: யோவான் நற்செய்தி 18-இல் மறுதலித்த முற்றத்தில், 21-இல் இந்தக் கரையில். அதே வாசனை, அதே வெளிச்சம் பேதுருவின் முகத்தில்.

சாப்பிட்டு முடிந்ததும் இயேசு கேட்கிறார்: "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" மறுதலித்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் மூன்று முறை கேட்கிறார். மூன்றாவது முறை கேட்டபோது பேதுரு துயருற்றார் என்று யோவான் எழுதுகிறார். ஏன் மூன்று என்று அவருக்குப் புரிந்துவிட்டது. சில்லு வெளியே வரும்போது அப்படித்தான் வலிக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் இயேசு ஒரு வேலையைக் கொடுக்கிறார். என் ஆட்டுக்குட்டிகளைப் பேணி வளர். என் ஆடுகளை மேய். என் ஆடுகளைப் பேணி வளர்.

வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்ற ஒரு பெரியவருக்கு இதை ஒருமுறை வாசித்துக் காட்டினேன். பல ஆண்டுகளாகக் கோவிலின் கடைசித் தூணோடு நின்றுவிட்டுப் போகிறவர். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த மீன் அவர் வர்றதுக்கு முன்னாடியே வெந்துட்டு இருந்துதா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் ஐயா, 9-ஆம் வசனத்தில் இருக்கிறது, என்று எடுத்துக் காட்டினேன்.